கிட்டுசாமி காரை அறுத்த கதை

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் எழுதுவது இது இரண்டாவது தடவை. முதல் தடவை எழுதியது 2001இல். அப்போது இதைக் கதை என்று சொல்லவில்லை, கட்டுரை என்று சொன்னேன். வினை அங்கேதான் தொடங்கியது.

நெருப்பெரிச்சல் வட்டாரத்துப் பின்னலாடைக்காரர்கள் சேர்ந்து அந்த வருஷம் ஒரு மலர் போட்டார்கள். அதில் உழைத்து முன்னுக்கு வந்த பத்துப் பேரைப் பற்றி எழுதித்தரச் சொன்னார்கள். கூலி இரண்டு டஜன் பனியன். அதில் கடைசியாக மிஞ்சிய ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் இப்போது எழுதுகிறேன். கழுத்து தளர்ந்துவிட்டது, துணி மட்டும் இன்னும் கிழியவில்லை. அந்தக் கட்டுரைக்கு இவ்வளவு நல்ல நூலில் கூலி கொடுத்திருக்க வேண்டாம்.

அதில் ஐந்தாவது ஆள் கிட்டுசாமி. தலைப்பு 'காரை அறுத்த கை'. மாமனார் ஆசையாகக் கொடுத்த புது பியட் காரை, தொழில் மேல் இருந்த வெறியில் பின்பக்கம் அறுத்துப்போட்டு, நூல் மூட்டை ஏற்றும் பிக்கப் வண்டியாக மாற்றியவர் என்று எழுதினேன். இரண்டு பக்கம், மூன்று போட்டோ, நிறைய ஆச்சரியக்குறி.

அவர் எந்தக் காரையும் அறுக்கவில்லை.

2

தொடக்கம் எழுதிப் பார்த்த தாள்கள் மேஜை மேலேயே கிடக்கின்றன. நீங்களும் பாருங்கள், எனக்கென்ன வெட்கம்.

(அ) 'பின்பாதியைக் காக்கா தூக்கிக்கொண்டு போன கார் மாதிரி இருந்தது அந்த வண்டி.' சிரிப்பு வருகிறது, ஆனால் வண்டி பாவம். முன்னால் இருந்து பார்த்தால் அந்தக் காலத்தில் டாக்டர்களும் வக்கீல்களும் வைத்திருந்த அதே சின்ன பியட் கார். மூக்கு, கண், கதவு எல்லாம் கார்தான். முன்சீட்டுக்குப் பின்னால் கூரை முடிந்து, ஒரு சுவர் வந்து, அதற்குப் பின் திறந்த தொட்டி. நாலு மூட்டை நூல் தாராளமாக ஏறும்.

(ஆ) 'கார் கம்பெனியே இப்படிக் கொஞ்சம் வண்டிகளைச் செய்து விட்டதாம். எத்தனை என்று...' இதைப் பாதியில் நிறுத்தியதற்குக் காரணம், எத்தனை என்று எனக்குத் தெரியாது. கேட்டவர்கள் ஆளுக்கொரு எண் சொன்னார்கள். நான் ஏற்கெனவே ஒரு பொய்யை அச்சில் ஏற்றியவன், என்னிடம் எண்ணிக்கையெல்லாம் கேட்காதீர்கள். அபூர்வம் என்பது மட்டும் நிஜம். ஊரில் ஓடிய இந்த மாதிரி வண்டிகளில் பெரும்பாலானவை பட்டறையில் சாதாரணக் காரை அறுத்துச் செய்தவை. அறுத்த வண்டிக்கு இரும்பு விலைதான். கம்பெனியிலேயே பிக்கப்பாகப் பிறந்த வண்டியைத்தான் பழைய வண்டி சேர்க்கிறவர்கள் தேடி அலைகிறார்கள்.

(இ) 'அபிராமிக்கு அவசரமாக ஒரு குட்டியானை தேவைப்பட்டது.'

இதுதான் சரி. இங்கிருந்தே போவோம்.

3

அபிராமி உசிலம்பட்டிப் பக்கம். கிட்டுசாமியின் கம்பெனியில் ஒன்பது வருஷம் செக்கிங்கில், தைத்த பனியனில் குறை பார்க்கும் வேலையில் இருந்தாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பழைய பிக்கப்பை எடுத்து ஓட்டிப் பழகி, லைசன்ஸும் வாங்கினாள். 2004இல் கிட்டுசாமி ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வண்டிச் சாவியை வைத்து, "இந்தாங்க அம்மிணி, இனி இது உங்க வண்டி" என்று கொடுத்துவிட்டார். வண்டியின் ஆர்.சி. புத்தகத்தையும் அவள் பேருக்கே மாற்றிக்கொடுத்தார். மனிதர் கெட்டவர் இல்லை என்பதற்காக இதைச் சொல்லிவைக்கிறேன். பின்னால் உங்களுக்குக் கோபம் வரும்போது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அவள் அதில் முதலிபாளையத்துக் கம்பெனிகளிலிருந்து காதர்பேட்டைக் கடைகளுக்குத் தைத்த பீஸ் ஏற்றிப் பிழைத்தாள். 2007இல் கம்பெனிக்காரர்கள் ஒவ்வொருவராகக் கைவிரித்தார்கள். திறந்த வண்டியில் துணி அழுக்காகிறது, மழை வந்தால் கறை பிடிக்கிறது, மேலே மூடிய வண்டி இருந்தால் லோடு தருகிறோம், இல்லையென்றால் தீபாவளியோடு சரி என்றார்கள். மூடி போட்ட பழைய குட்டியானை, அந்தச் சின்ன லோடு வண்டி ஒன்றை, அவள் பார்த்து வைத்திருந்தாள். வாங்க வழியில்லை.

அப்போதுதான் கோயமுத்தூர்க்காரர் ஒருவர் வந்தார். காதர்பேட்டை முக்கில் வண்டியைப் பார்த்தவர் தன் காரை நடுரோட்டில் நிறுத்திவிட்டு இறங்கி, குனிந்தும் படுத்தும் பார்த்தார். முப்பது வருஷத்தில் தகரத்துக்கு மேல் தகரம், பெயிண்டுக்கு மேல் பெயிண்ட் என்று அப்பிக் கிடந்தது. ஆர்.சி. புத்தகத்தில் பிக்கப் என்றுதான் இருந்தது, அறுத்த வண்டிக்கும் அதையேதான் போடுவார்கள். பிரித்துப் பார்த்தால்தான் நிச்சயம் தெரியும், பிரித்தால் வண்டி பாழ். கார் கம்பெனியிலேயே செய்த வண்டியாக இருந்தால் இவ்வளவு தருகிறேன் என்று ஒரு தொகை சொன்னார். அதை நான் எழுதப்போவதில்லை. அந்தக் குட்டியானை வந்துவிடும், அவ்வளவு தெரிந்தால் போதும்.

மறுவாரம் அவர் கையில் ஒரு புத்தகத்தோடு வந்தார். எந்தப் புத்தகம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

"இதுல அறுத்த வண்டின்னு போட்டிருக்குதுங்களே. அச்சுல வந்திருக்குது" என்றார்.

அவளுக்கு அந்தக் கதை தெரியாமல் இல்லை. கம்பெனியில் அது தெரியாத ஆள் உண்டா. ஆனாலும் அவரைக் கூட்டிக்கொண்டு நேரே கிட்டுசாமியிடம் போனாள். ஒரு நப்பாசைதான்.

கிட்டுசாமி வந்தவருக்கு மோர் கொடுக்கச் சொன்னார். கோயமுத்தூர்க்காரர் மரியாதையாகக் கேட்டார்: "அறுத்ததா அச்சுல இருக்கறவரு நீங்க. அறுக்கலைன்னு நீங்களே ஒரு தாள்ல எழுதிக் குடுத்தீங்கன்னா எனக்குப் போதுமுங்க. இது அறுத்த வண்டிதானுங்களா?"

கிட்டுசாமி அபிராமியைப் பார்த்தார். கதவருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். மோர் டம்ளரை வந்தவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

"ஆமாங்க. அறுத்ததுதானுங்க" என்றார்.

அவள் முகத்தை அதற்குமேல் அவரால் பார்க்க முடியவில்லை. சுவரைப் பார்த்தார். சுவரில் அது தொங்கிக்கொண்டிருந்தது.

கோயமுத்தூர்க்காரர் எழுந்து, சரிங்க என்று கும்பிட்டார். "விசயதசமி வரைக்கும் நான் ஊர்லதான் இருப்பனுங்க. பொறவு மெட்ராஸ்ல வேற ஒரு வண்டி பாத்து வெச்சிருக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

4

(சுவரில் என்ன தொங்கியது என்று கேட்பீர்கள். வருகிறேன். அதற்கு முன்னால், அந்த மனிதர் ஏன் அப்படிச் சொன்னார்?)

1976. கிட்டுசாமிக்குக் கல்யாணமாகி நாலு மாதம். மனைவி பெரியாத்தாள் கோயில் குளத்துக்குப் போகவர வேண்டும் என்று மாமனார் செங்கோட்டையன் ஒரு புதுக் கார் வாங்கப் பணம் கொடுத்திருந்தார். கிட்டுசாமிக்கோ நினைப்பெல்லாம் துணி பின்னும் மெஷின் மேல். கோயமுத்தூரில் ஒரு சோடாக் கம்பெனி மூடப்போகிறது, அவர்களிடம் இரண்டு வருஷம் ஓடிய பியட் பிக்கப் ஒன்று மலிவாக வருகிறது என்று கேள்விப்பட்டார். அதை வாங்கினார். மிச்சத்தில் ஒரு மெஷினையும் இறக்கிவிட்டார்.

மாமனார் வந்து வாசலில் நின்று, "கார் எங்கீங்க மாப்ள?" என்று கேட்டபோது, இளவட்டமான மாப்பிள்ளைக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. மலிவு வண்டி வாங்கினேன் என்றால் மிச்சப் பணம் எங்கே என்பார். மெஷினுக்குப் போட்டேன் என்றால், பொண்ணுக்குக் கொடுத்ததை எடுக்க நீ யார் என்பார்.

"கார்தானுங்க மாமா. பின்னால அறுத்துப்போட்டனுங்க. நூல் ஏத்தோணுமுங்க."

செங்கோட்டையன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அடி விழும் என்று கிட்டுசாமி காத்திருந்தார். அவரோ மாப்பிள்ளையின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "காரையே அறுத்துப் பொழைக்கத் துணிஞ்சவனுக்குத்தான் என்ற புள்ளையக் குடுத்திருக்கறேன்!" என்று சிரித்தார்.

திட்டியிருந்தால் கிட்டுசாமி தப்பித்திருப்பார். அந்த மனிதர் பாராட்டித் தொலைத்தார். சந்தையில் சொன்னார், கல்யாணச் சீரில் சொன்னார், எழவு வீட்டில்கூடச் சொன்னார். அந்தப் பேரை வைத்துத்தான் கிட்டுசாமிக்கு நூல் கடைக்காரர்கள் கடனுக்கு நூல் கொடுத்தார்கள். கம்பெனி எழும்பியது பாதி அந்த மெஷினால், பாதி அந்தப் பொய்யால். எதை உருவினால் எது சரியும் என்று அவருக்கே தெரியாது.

5

இப்போது சுவர். இதில் குற்றவாளி நான்.

மலருக்காக அவரைப் பார்க்கப் போனபோது நான்தான் கேட்டேன்: "அறுத்த பாகம் இருக்குங்களா? போட்டோவுக்கு எடுப்பா இருக்கும்." வேலை செய்கிறவனுக்கு வாய் சும்மா இருக்காது.

கிட்டுசாமி ஒரு கணம் முழித்துவிட்டு, "ஊட்டுக்குப் பொறத்தால எங்கியோ கெடக்குதுங்க, தேடி வெக்கறேன்" என்றார். நாலு நாள் கழித்துப் போனால், ஆபீஸ் சுவரில் ஒரு பியட் காரின் கூரை கம்பீரமாகத் தொங்குகிறது. வண்டியின் அதே நீலம். போட்டோ எடுத்தேன். 'அறுபட்ட கூரை இன்று அமைதியாகச் சுவரில் ஓய்வெடுக்கிறது' என்று எழுதினேன். என் வாழ்நாளில் எழுதிய மோசமான வாக்கியங்களில் அதற்கு மூன்றாமிடம்.

பழைய இரும்புக் கடையில் டாக்ஸியிலிருந்து கழற்றிய கூரை அது என்றும், பெயிண்ட் காய்வதற்கு மூன்று நாள் ஆயிற்று என்றும் பெரியாத்தாள் பின்னால் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அதிலிருந்து வருஷா வருஷம் ஆயுத பூசைக்கு அந்தக் கூரைக்கும் சந்தனம், குங்குமம், மாலை. மெஷினுக்கு முன்னால் அதற்குத்தான் கற்பூரம். புது ஆட்கள் அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் வேலைக்கு உட்காருவார்கள். என்னையும் கூப்பிட்டு, "இவருதான் எழுதுனவரு" என்று அறிமுகம் செய்துவைப்பார்கள். நானும் கூச்சமில்லாமல் பொரிகடலை வாங்கிக்கொண்டு நிற்பேன்.

6

அந்த வருஷம் ஆயுத பூசைக்கும் அபிராமி வண்டியைக் கழுவி, வாழைக்கன்று கட்டிக் கொண்டுவந்து ஆபீஸ் வாசலில் நிறுத்தினாள். பூசை போடும் இடம் மாறக்கூடாது என்று அவளுக்கு ஒரு எண்ணம். கோபத்தை அதற்குள் கொண்டுவரவில்லை.

கிட்டுசாமி தட்டைப் பிடித்துக்கொண்டு கூரைக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். திரும்பியபோது அபிராமி சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. பிறகு அவள் வாசலைப் பார்த்தாள். மறுபடி சுவரை. மறுபடி வாசலில் நின்ற வண்டியை.

எல்லாரும் பொரி வாங்க நகர்ந்ததும் அவள் பக்கத்தில் வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஐயா, ஒண்ணு கேக்கவா? தப்பா நெனைக்கக் கூடாது."

"கேளுங்க அம்மிணி."

"இந்தக் கூரையில முன்கண்ணாடி ஒக்காருற ஓரமும் இருக்கு. பின்கண்ணாடி ஒக்காருற ஓரமும் இருக்கு. முழுக் கூரை. அப்போ தெனமும் என் தலைக்கு மேல இருக்கே, அது எங்கருந்து வந்துச்சுங்கய்யா?"

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். ஆறு வருஷம். எத்தனை கற்பூரம், எத்தனை மாலை, எத்தனை பேர். நான் போட்டோ எடுத்தவன். ஒரு காருக்கு ஒரு கூரைதான் இருக்கும் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. கிட்டுசாமிக்கும் தோன்றவில்லை. பெரிதாக இருந்தால் மதிப்பாக இருக்குமே என்று முழுசாக வாங்கிவந்து மாட்டிவிட்டார். வண்டியின் கூரைக்குக் கீழே தினமும் உட்கார்ந்து, மேட்டில் ஏறும்போதெல்லாம் தலையில் இடி வாங்கியவளுக்குத்தான் அது கண்ணில் பட்டது.

தட்டில் இருந்த கற்பூரம் அணைந்தது. கிட்டுசாமி தட்டைக் கீழே வைத்துவிட்டு, "நானே உங்களுக்கு ஒரு குட்டியானை வாங்கித் தர்றனுங்க அம்மிணி. பேச்ச இதோட உட்டுடலாம்" என்றார்.

"வேணாங்கய்யா. சாவி குடுத்தீங்க, அதையே நான் மறக்க மாட்டேன். இப்ப நான் தர்மம் கேக்கலை. என் வண்டி என்ன வண்டியோ அதைச் சொல்லுங்கன்னுதான் கேக்குறேன்."

சொல்லிவிட்டு, அவளும் போய் வரிசையில் நின்று பொரி வாங்கிக்கொண்டாள். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

7

கிட்டுசாமியைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருக்கிறது. பாத்திரமாகப் பார்த்தால் அவர் ஒன்றரை நிமிஷத்தில் தீர்க்கக்கூடிய சிக்கலை வைத்துக்கொண்டு முழிக்கிறார். 'நான் அறுக்குலீங்க.' இரண்டே சொல். இதற்கு ஏன் இவ்வளவு பாடு என்று நீங்கள் கேட்டால், முதல் வரைவில் நானும் கேட்டேன் என்பேன். பிறகு என் கதையை யோசித்தேன். கூரையைப் பற்றித் தெரிந்துகொண்ட நாளிலேயே நான் ஒரு கடிதம் எழுதி மலர் போட்டவர்களுக்கு அனுப்பியிருக்கலாம். அனுப்பினேனா? எழுதியவன் என்ற பேரை நானும்தான் பொரிகடலையோடு சேர்த்து வாங்கிக்கொண்டிருந்தேன்.

(அவர் மனசுக்குள் நீ எப்படிப் போனாய் என்று கேட்காதீர்கள். பாதி அவர் சொன்னது. மீதி என்னிடமே இருந்தது.)

அதே பூசை முடிந்து நான் கிளம்பும்போதுதான் பெரியாத்தாள் வாசலில் நிறுத்தினார். கூரை வந்த கடை, பூசிய பெயிண்ட் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். "எங்கய்யன் எனக்குன்னு குடுத்த வண்டி தம்பி அது. நான் ஒரு நாளும் ஏறுனதில்ல. காரை அறுத்துப் பொண்டாட்டிய நடக்க உட்ட மனுசன்னு ஊரே இவியளப் புகழுது. நடந்தவ நானு" என்றார். அழவில்லை. மாலையிலிருந்து உதிர்ந்த பூவைப் பெருக்கித் தள்ளிக்கொண்டே சொன்னார். எனக்குத்தான் நிற்க முடியவில்லை.

8

முடிவுகள்.

முதல் முடிவு: ஆயுத பூசைக் கூட்டத்தின் நடுவில் கிட்டுசாமி எழுந்து உண்மையை அறிவிக்கிறார், எல்லாரும் கண்... இல்லை. அந்த மனிதர் மைக்கைப் பார்த்தாலே இருமுவார்.

இரண்டாம் முடிவு: கோயமுத்தூர்க்காரரே ஆபீசுக்கு வந்து, கூரையைப் பார்த்துச் சிரித்து, தானாகப் புரிந்துகொண்டு வண்டியை வாங்கிவிடுகிறார். இதில் அபிராமிக்குக் குட்டியானை கிடைக்கிறது, யாருக்கும் வாய் திறக்கும் வேலை இல்லை. எனக்கும் வேலை இல்லை. அதனாலேயே இதை நான் நம்பவில்லை.

மூன்றாவது முடிவு இல்லை, நடந்தது. விஜயதசமி காலை ஏழரை மணி. நானே பார்த்தது இவ்வளவுதான்.

கிட்டுசாமி ஸ்டூல் போட்டு ஏறிச் சுவரிலிருந்து கூரையை இறக்கினார். நான் ஒரு பக்கம் பிடித்தேன். அதன் உள்பக்கம் டாக்ஸி மஞ்சள் அங்கங்கே தெரிந்தது. அபிராமியைக் கூப்பிட்டு அனுப்பி, அவள் வண்டியின் தொட்டியில் மாலையோடு அதை ஏற்றி, கயிறு போட்டுக் கட்டினார். "கோயமுத்தூருக்கு உடுங்க அம்மிணி, அவரப் பாத்துட்டு வந்தரலாம்" என்றார். அபிராமி சீட்டில் உட்கார்ந்தாள். கிட்டுசாமி மறுபக்கக் கதவைத் திறந்து ஏறப்போனார்.

"ஏனுங்க, சித்த நில்லுங்க" என்று ஆபீசுக்குள்ளேயிருந்து குரல் வந்தது. பெரியாத்தாள் பட்டுச்சேலை கட்டியிருந்தார். கணவரை விலக்கிவிட்டு, சேலையைத் தூக்கிப் பிடித்து முதலில் ஏறி, நடுவில் உட்கார்ந்துகொண்டார். அந்த வண்டிக்கு முன்சீட்டு ஒரே நீளச் சீட்டு, மூன்று பேருக்கு இடம் உண்டு. முப்பத்தோரு வருஷமாக இருந்திருக்கிறது. மேலே கையை நீட்டிக் கூரையைத் தடவிப் பார்த்தார்.

"நல்ல வண்டிதான் கண்ணு" என்று அபிராமியிடம் சொன்னார்.

நான் என் டிவிஎஸ்ஸில் பின்னாலேயே போனேன். தலைக்கு மேல் ஒரு கூரையை வைத்துக்கொண்டு, முதுகில் இன்னொரு கூரையைச் சுமந்தபடி அந்த வண்டி நெருப்பெரிச்சல் கடைவீதியில் போனது. இட்லி வாங்க நின்றவர்கள் திரும்பினார்கள். யாரோ விரல் விட்டு எண்ணுவதுபோல் இருந்தது, அது என் பிரமையாகவும் இருக்கலாம்.

அந்த வண்டிக்கு ரேடியேட்டர் சூடாகும். எப்போதும்போல் ஆத்தப்பன் டீக்கடை முன்னால் தண்ணீர் ஊற்ற நின்றது. ஆத்தப்பன் சொம்போடு வந்தவர், தொட்டியைப் பார்த்தார், மேலே பார்த்தார், மறுபடி தொட்டியைப் பார்த்தார். டீ குடித்துக்கொண்டிருந்த ஆறேழு பேரும் கிளாசைக் கீழே இறக்கினார்கள்.

"ஏனுங்க, இது நீங்க அறுத்த கூரைதானுங்களே? அப்ப மேல இருக்கறது என்னங்க?"

அபிராமி ஸ்டீரிங்கை விட்டுக் கையை எடுக்கவில்லை. பெரியாத்தாள் நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டுசாமி ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டினார். வாயைத் திறந்தார்.

நான் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும், பத்தடி பின்னால்தான் இருந்தேன். ஆனால் 2001இல் அந்த வாயில் வார்த்தைகளை வைத்து அச்சடித்தவன் நான். ஆறு வருஷம் அதை அவர் மென்றுகொண்டிருந்தார், விழுங்கவும் முடியாமல், துப்பவும் முடியாமல். இன்னொரு தடவை அந்த வேலையை நான் செய்யமாட்டேன்.

நீங்கள் செய்யுங்கள். உங்களுக்கு அந்த இரண்டு சொல் தெரியும். ஆத்தப்பன் சொம்போடு நிற்கிறார், கோயமுத்தூர் இன்னும் ஐம்பது கிலோமீட்டர், ஸ்டீரிங் பிடித்திருக்கும் பெண்ணுக்கு இன்று ஒரு நாள்தான் இருக்கிறது. கிட்டுசாமிக்காக ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.